வந்து போன பிள்ளைகள்

எங்கள் முன்பள்ளியைப் பார்வையிட யாராவது வருகிறார்கள் என்றால், ரீச்சரை எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்குப் பெரிய யோசனையாக இருக்கும். கேற்றடியில் நிறுத்தினால் வந்தவர்களோடு கதைத்துவிடுவார். வகுப்புக்குள் நிறுத்தினாலும் கதைத்துவிடுவார். ஒருமுறை விளையாட்டுச் சாமான்கள் தந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். மூலையில் அடுக்கியிருந்த மரக்கட்டைகளையும் பொம்மைகளையும் பார்த்து, இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறீர்களே என்று சந்தோசப்பட்டார். ரீச்சருக்கு அது பொறுக்கவில்லை.

"உதில பாதி பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சாமான். இண்டைக்கெண்டு இரவல் வாங்கி வச்சிருக்கிறம். நீங்கள் தந்ததில கனக்க உடைஞ்சு போச்சுது" என்றார்.

இரவல் வாங்கிக்கொண்டு வந்தவள் நான். அந்தப் பெண்மணி என்னையும் ரீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் போனபிறகு நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். ரீச்சர் தானே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார்.

"சொல்லிப்போட வேணும் பிள்ளை. வயித்துக்க வச்சிருந்தால் புளிச்சுப்போம்."

அதுதான் அவருடைய பேச்சு. ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலைத் தவறுதலாக மிதித்து உடைத்தபோது, புதியதொன்று வாங்கிக் கொடுத்ததோடு விடவில்லை. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்த் தாயிடமும் சொன்னார், தகப்பனிடமும் சொன்னார். பிறகு பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து, அதன் கண்ணைப் பார்த்து, "ரீச்சர்தான் உடைச்சனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாராம். பிள்ளை வெட்கப்பட்டுத் தாயின் சட்டைக்குள் ஒளிந்துகொண்டது என்று அந்தத் தாய் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

உயரமான மனுசி. சின்னக் கதிரைகளில் இருந்து இருந்து முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. கலியாணம் செய்யவில்லை. ஸ்கந்தபுரத்தில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் தனியாக இருந்தார். கிட்டின உறவென்று வவுனியாவில் ஒரு தங்கச்சி மட்டும். இருபது வயது தாண்டின கையோடு முன்பள்ளிக்குப் படிப்பிக்க வந்தவர். கிடுகுக் கொட்டிலில், புளியமரத்துக்குக் கீழே, இடம்பெயர்ந்த இடங்களில் தரப்பாள் கூடாரத்துக்குள் என்று எங்கெல்லாமோ வைத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சண்டை முடிந்து ஊர் திரும்பியபின் கட்டின புதுக் கட்டடத்துக்குத்தான் நான் வேலைக்கு வந்தேன்.

நான் வந்து இரண்டு மூன்று வருடத்தில், முன்பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் பயிற்சிநெறி முடித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் கிளிநொச்சி ரவுணில் வகுப்பு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே வாங்கில் இருந்தோம். எங்களில் பலருக்கு அது சோதனை பாஸ்பண்ணுகிற விசயம். படிப்பிக்க வந்த வளவாளர் சொன்னதை எழுதிக்கொண்டோம், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் இறைச்சியா மீனா என்று பார்த்தோம், பின்னேர பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். ரீச்சருக்கு மட்டும் அது வேறுவிதமாகக் காதில் விழுந்தது. நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வாசிப்பதைக் கேட்கிறவர் போல நிமிர்ந்து இருந்து கேட்பார்.

தொடங்கி வைத்தது இடக்கைப் பாடம். வளவாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் பெடியன். எல்லோரையும் எழுதாத கையால் தங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதச் சொன்னார். நாங்கள் எழுதிக்கொண்டிருக்க, பின்னால் நடந்து நடந்து, "கெதியாய் எழுதுங்கோ", "என்ன எழுத்து இது", "பக்கத்து ஆளைப் பாருங்கோ, எவ்வளவு வடிவாய் எழுதுறா" என்று ஏசிக்கொண்டு வந்தார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் ரீச்சரைக் காணவில்லை. வெளியே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். முந்தித் தன் கைலேஞ்சியால் இடக்கைப் பிள்ளைகளின் இடக்கையைக் கதிரைக் காலோடு கட்டிவைத்து வலக்கையால் எழுதப் பழக்கியதாகச் சொன்னார். அப்போது அதுதான் நல்ல ரீச்சரின் வேலை என்று நினைத்திருந்தாராம். பெற்றோர் வந்து நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒன்று கிளம்பியது. மூத்திரத்தால் சட்டையை நனைத்த பிள்ளையைப் பற்றிப் படித்தால், அப்படி நனைத்ததற்காகத் தான் வெயிலில் நிறுத்திவைத்த ஒருவனின் முகம் அவருக்கு வந்தது. பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்துகொண்டு, "இண்டைக்கு இன்னும் ரெண்டு பேர் பிள்ளை" என்பார். நான் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

ஒருநாள் வகுப்பில் எழும்பிக் கேட்டார். "சேர், தெரியாமல் செய்ததுக்கு என்ன செய்யிறது?"

அந்தப் பெடியன் நல்லவர். யோசித்துவிட்டு, "இனிச் செய்யாமல் விடுறதுதான் ரீச்சர்" என்றார்.

"அது இனி வாற பிள்ளையளுக்கு. வந்து போன பிள்ளையளுக்கு?"

வளவாளர் தன்னுடைய கடதாசிகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி இடைவேளை என்றார்.

தேடிப்போவது என்று ரீச்சர் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். என்னிடம் ஸ்கூட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அவருக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்கும் எண்ணமும் கொஞ்சம் இருந்திருக்கும்.

முதலில் கண்டது லேஞ்சியால் கை கட்டப்பட்ட ஒருவனை. இப்போது வயல் செய்கிறான். மூன்று பிள்ளைகளின் தகப்பன். ரீச்சர் வந்து மன்னிப்புக் கேட்டபோது அவனுக்கு விளங்கவே இல்லை. கடைசியில் விளங்கி, பெரிதாகச் சிரித்து, "ரீச்சர், இப்ப நான் ரெண்டு கையாலையும் வேலை செய்வன், உங்கட புண்ணியம்" என்று சொல்லி ஒரு பூசணிக்காயைத் தந்துவிட்டான். நான் நிம்மதியாக வண்டியை எடுத்தேன். ரீச்சர் வழி முழுக்கப் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஏச்சு வாங்கப் போனவருக்குப் பூசணிக்காய் கிடைத்தது பிடிக்கவில்லை.

இரண்டாமவன் கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறவன். வெயிலில் நின்றவன் அவன்தான். வீட்டுக்கே போனோம். ரீச்சர் சொல்லத் தொடங்கினதும் அவனுடைய முகம் இறுகிவிட்டது. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. குரலைத் தாழ்த்தி, "என்ர மனிசி உள்ளுக்க நிக்கிறா. உந்தக் கதையை விடுங்கோ ரீச்சர்" என்றான். பிறகு மரியாதையாகப் படலை வரைக்கும் வந்து வழியனுப்பினான். ரீச்சர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போக, என்னிடம் மெல்லமாகச் சொன்னான், இவவை இப்படிக் கூட்டிக்கொண்டு திரியாதேங்கோ என்று. நான் சரி என்று தலையாட்டினேன்.

சரி என்றுதான் இருந்தேன். கொஞ்சக் காலம் வேறெங்கும் போகவில்லை. பயிற்சிநெறி முடிந்தது. இரண்டு பேரும் பாஸ். ரீச்சரிடம் வந்த மாற்றத்தை அதற்குப் பிறகுதான் நான் சரியாகக் கவனித்தேன். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. பிள்ளை அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்காமல் பக்கத்தில் போய் இருப்பார்.

அந்த வருடம் யாழினி என்று ஒரு பிள்ளை வந்தாள். வாய் திறக்கமாட்டாள். பெயர் கேட்டால் நிலத்தைப் பார்ப்பாள். ரீச்சர் அவளைக் கதைக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் அவளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, பூவரசம் இலைகளை ஈர்க்கில் கோத்துக்கொண்டிருப்பார். அவளும் கோப்பாள். அவ்வளவுதான். அப்படி மாதக்கணக்காக. ரீச்சர் நித்திரை கொள்ளுறா, பிள்ளையைப் பார்க்கிறா இல்லை என்று யாழினியின் தாய் என்னிடம் குறைப்பட்டாள். ஒருநாள் நான் மற்றப் பிள்ளைகளுக்குக் கடலை பங்கிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரோ மெல்லக் கதைத்தது கேட்டது.

"ரீச்சர், உங்கட சீலையில எறும்பு."

யாழினிதான். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ரீச்சர் அவசரப்படாமல், "ஓம், கட்டெறும்பு என்ன" என்று சொல்லி எறும்பைத் தட்டிவிட்டார். இன்னும் இரண்டு இலை கோத்தார். பிறகு எழும்பிச் சாமான் அறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் பாய்கள் சுற்றிவைத்த மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

"இதைத்தானே நான் கஜனுக்கும் செய்திருக்க வேணும்" என்றார்.

கஜனைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். சண்டைக்காலத்தில், பழைய கொட்டிலில் படித்த பிள்ளை. அவர்களுடைய வீட்டுக்குக் கிட்டக் குண்டு விழுந்தபின் கதைப்பதை நிறுத்திவிட்டவன். ரீச்சர் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார். கலைவிழாவுக்குப் பாட்டுப் பழக்கிய ஒருநாள் அவன் வாய் திறக்காமல் நிற்க, தகரம் அடித்த சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டி, "பாடுறன் எண்டு சொல்லு, திறக்கிறன்" என்றாராம்.

"அவன் சொல்லேல்லை. சொல்லமாட்டாமல் இருந்த பிள்ளையிட்டப் போய்ச் சொல்லு சொல்லு எண்டு கேட்டிருக்கிறன்."

கஜன் இப்போது இல்லை. கடைசி இடப்பெயர்வில் ஷெல் குண்டு விழுந்து, தகப்பனோடு சேர்ந்து போய்விட்டான். தாய் இருக்கிறாள். பரந்தனுக்கு அங்கால், முல்லைத்தீவு றோட்டில், சீதனக் காணியில் இருப்பதாக ரீச்சர் விசாரித்து வைத்திருந்தார். தாயிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். ஓட்டோக்காரன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு பெற்றோல் அடித்துக்கொண்டு போய் அவருடைய வாசலில் நின்றேன்.

சின்ன வீடு. முற்றத்தில் அடுப்பு மூட்டி, மண்ணைப் போட்டுக் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மா. பரந்தன் சந்தியில் பஸ்களுக்கு விற்பதற்காக. மூத்த மகள் கலியாணம் முடித்துக் கொக்கிளாய்ப் பக்கம் போய்விட்டதால் தனியாகத்தான் இருந்தாள். ரீச்சர் படலையடியில் நின்று, "கஜன்ர அம்மா" என்று கூப்பிட்டார். அகப்பையோடு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு எத்தனை வருடமோ. பிறகு ஓடிவந்து ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதிரை தந்து தேத்தண்ணி தந்தாள். சூடான கச்சானைத் தட்டில் கொட்டி வைத்தாள். அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சொன்னாள். பெட்டியோடு எல்லாம் வழியில் போய்விட்டதாம். அவனைத் தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டு வருகிறார்களாம். ரீச்சரைக் கண்டது அவனையே கண்டது போல இருக்கிறது என்றாள். சொல்லிக்கொண்டு வந்தவள், ரீச்சரின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கதைக்காட்டியும் பள்ளிக்கூடத்தில அவன் சந்தோசமாத்தானே இருந்தவன், என்ன ரீச்சர்?"

ஒரு 'ஓம்' போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பிவிட்டால், மூன்று பேரும் நன்றாக இருந்திருப்போம். நான் ரீச்சரின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்திருக்கலாம். இடையில் புகுந்து நானே ஓம் என்று சொல்லியிருக்கலாம். நான் கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லை" என்றார் ரீச்சர்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாட்டு, பிடிவாதம், அறை, பூட்டு. ஒன்றையும் குறைக்கவில்லை. அந்த அம்மா குறுக்கே கேள்வி கேட்கவில்லை. முடிந்தபிறகுதான் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"பள்ளிக்கூடம் விடும்வரைக்கும்."

"இருட்டோ?"

"கூரைத் தகரத்தில ஒரு ஓட்டை இருந்தது. வெளிச்சம் வரும்."

அந்த அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனாள். மண்ணுக்குள் அகப்பை உரசுகிற சத்தம் திரும்பத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சநேரம் இருந்துவிட்டு, அவளுடைய முதுகைப் பார்த்து, போயிட்டு வாறம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பரந்தன் சந்திக்கு வந்ததும் ரீச்சர் நிறுத்தச் சொன்னார். பஸ் நிலையத்து வாங்கில் போய் இருந்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நான் என்ர பாரத்தை இறக்கப் போய், அவவின்ர தலையில வச்சிட்டு வந்திட்டன் பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் தேடிப் போகவில்லை. பழைய பிள்ளைகளை ஞாபகப்படுத்திச் சொல்வதும் நின்றுவிட்டது. பிள்ளைகளோடு எப்போதும் போல இருந்தார், எங்களோடு கதைப்பது குறைந்தது. எனக்கும் அவரைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. வண்டியோட்டியவள் நான்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கஜனின் அம்மா கேற்றடியில் நின்றாள். பச்சைக் கச்சான் வாங்கக் கிளிநொச்சிக்கு வந்தவள், அங்கிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். ஏச வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் முன்னால் போனேன். அவள் என்னைத் தாண்டிப் போய் ரீச்சருக்கு முன்னால் சின்னக் கதிரையில் இருந்தாள்.

தான் ஒன்று கேட்க வந்ததாகச் சொன்னாள். பிறகு கேட்காமல் வேறொன்று சொன்னாள். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும்போது கஜன் அழுவானாம். சத்தமில்லாமல் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். அவள்தான் பூவரசம் கம்பால் அடித்து இழுத்துக்கொண்டு வந்து விடுவாளாம். வேலைக்குப் போகிற அவசரம். விட்டபிறகு பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடிச் சிரிப்பான் என்று நினைத்துக்கொள்வாளாம். அவன் போனபிறகும் அதை நினைத்துத்தான் இவ்வளவு காலமும் இருந்தாளாம்.

"நான் அடிச்சு அடிச்சுக் கொண்டுவந்து விட்டது அந்த அறைக்குள்ள எண்டு இப்ப தெரியுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "ஆனால் ரீச்சர், ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள்ள இருந்திருக்கமாட்டான்தானே. மிச்ச நேரம் என்ன செய்தவன்? அதைச் சொல்லுங்கோ."

ரீச்சர் சீலைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிறகு, வேலியோரம் ஒரு அணில் வரும் என்று தொடங்கினார். கஜன் தன் பிஸ்கட்டில் பாதியை வேலிக்கட்டையில் வைத்துவிட்டுத் தூரப்போய் இருப்பானாம். அணில் இரண்டு கையாலும் பிடித்துத் தின்னும்வரை அசையமாட்டானாம். அந்த அம்மா முன்னுக்குச் சரிந்து கேட்டாள். "ரெண்டு கையாலையும்" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை, கச்சான் வாங்க வருகிற வெள்ளிக்கிழமை, வந்துவிடுவாள். எங்களுக்கும் கடதாசியில் சுற்றின ஒரு சரை கச்சான் கொண்டுவருவாள். ரீச்சர் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார். கஜன் மழைத்தண்ணீரில் சிரட்டை விட்டது. கஜன் ஒரு பிள்ளையின் அறுந்த செருப்புக்கு வாழைநார் கட்டிக் கொடுத்தது. ஒருநாள், கஜன் வாசலில் கிடக்கிற செருப்புகளையெல்லாம் சோடி பார்த்து வரிசையாக அடுக்கி வைப்பான், நீலநிறச் செருப்பை மட்டும் கடைசியில் வைப்பான் என்றார்.

நான் வாசலைப் பார்த்தேன். அன்று காலைதான் யாழினி அப்படி அடுக்கியிருந்தாள். நீலம் கடைசியில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பாராட்டையே வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாத மனுசி, இப்படி முகம் மாறாமல் சொல்வதைக் கேட்கப் பயமாக இருந்தது. தாய் போனபிறகு ரீச்சர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். வகுப்பைக் கூட்டத் தொடங்கிவிடுவார்.

சிறுநீரகம் பழுதாகி அவர் வவுனியாவுக்குப் போனது அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு. அங்கே பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டத் தங்கச்சியின் வீட்டில் இருந்துகொண்டு இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தார். நான் பார்க்கப் போனேன். முகம் வீங்கியிருந்தது. பிள்ளைகள் எல்லோரையும் பேர் பேராக விசாரித்தார். யாழினி பெரிய பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நின்றதைச் சொன்னேன். சிரித்தார். தங்கச்சி கடைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"ரீச்சர், அந்தச் செருப்பு அடுக்கினது கஜனில்லைத்தானே?"

"இல்லை."

"அணில்?"

"அதுவும் வேற பிள்ளை."

"அவன் செய்ததையே சொல்லியிருக்கலாமே ரீச்சர்."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். "எனக்கு அவனைப் பற்றி ஞாபகம் இருக்கிறது அந்த அறை ஒண்டுதான் பிள்ளை. வேற ஒண்டும் வருகுதில்லை. எவ்வளவோ யோசிச்சுப் பாத்திட்டன். முகம்கூட வருகுதில்லை. பூட்டினதும் திறந்ததும்தான் வருகுது."

நான் அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"இதை மட்டும் நான் அவவுக்குச் சொல்லேல்லை. நீரும் சொல்லாதேயும்" என்றார். எப்போதும் நீ என்று கதைக்கிறவர் அன்று என்னை நீர் என்றார்.

அவர் செத்தபோது கஜனின் அம்மாவுக்கு நான்தான் ஃபோன் எடுத்துச் சொன்னேன். வவுனியாவுக்கு வந்துசேர அவளால் முடியவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமான நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ரீச்சர் கடைசியில் கஷ்டப்பட்டாவோ என்று கேட்டாள். இல்லை, நித்திரையில்தான் போனது என்றேன். புதிதாக வந்த ரீச்சர் உள்ளே பிள்ளைகளின் படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர் உம்மோடையும் அவனைப் பற்றிக் கதைச்சிருப்பா என்ன தங்கச்சி. எனக்குச் சொல்லாமல் விட்டது ஏதும் இருக்கோ?"

இருந்தது. ஒன்றே ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஓம் அக்கா" என்றேன்.

சொல்லும்போது எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பத்து மணிச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது கஜன் ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில்தான் இருப்பானாம் என்றேன். அவளுக்கு அவித்த கடலைக்குள் போடுகிற தேங்காய்ச் சொட்டுப் பிடிக்காதாம். ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவனுடைய கையில் வைப்பாளாம். அவன் கேட்கமாட்டானாம், கையை மட்டும் நீட்டிக்கொண்டு இருப்பானாம். வாயிலிருந்து அது தடங்கலில்லாமல் வந்தது. முன்பே எங்கோ கண்டது போலவே இருந்தது.

"தேங்காய்ச் சொட்டு அவனுக்கு விருப்பம்தான்" என்றாள் அந்த அம்மா. அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. "ஆர் அந்தப் பிள்ளை? என்ன பேர்?"

"சுதா" என்றேன்.

"சுதா." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப பெரிய ஆளா இருப்பாள் என்ன. கலியாணமும் முடிச்சிருப்பாள். எங்க இருக்கிறாளாம்?"

"தெரியேல்லை அக்கா. விசாரிச்சுப் பாக்கிறன்."

அவள் அதை மறக்கவில்லை. வருகிற ஒவ்வொரு மாதமும் கேட்கிறாள். அந்த வருடத்துப் பிள்ளைகள் எல்லோரும் சிதறிப் போய்விட்டார்கள், கனபேர் வெளிநாட்டில் என்று சொல்கிறேன். பொய்யில்லை. கண்டுபிடித்தால் ஒருக்கால் கதைக்க வேண்டும், வேறொன்றுமில்லை, அவனுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள்.

போன மாதம் வந்தபோது, சுதாவைக் கண்டால் கொடுக்கச் சொல்லித் தன் ஃபோன் நம்பரைச் சொன்னாள். அந்த நம்பர் எப்போதிருந்தோ என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் அவள் ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் ஃபோனை எடுத்து மறுபடியும் பதிந்துகொண்டேன்.